கழுத்து அவளுக்கு, உடம்பு அவனுக்கு

விவாகரத்தில் வீடு, வண்டி, கட்டில், குக்கர் எல்லாமே சண்டை இல்லாமல் பிரிந்துவிட்டன. கிடார்தான் மல்லுக்கு நின்றது.

மூடிப்போன ஒரு ஹோட்டலின் சாமான் அறையில், ஜிகினா உடைகள் திணித்த மூட்டைகளுக்கு அடியிலிருந்து இருவரும் சேர்ந்து இழுத்தெடுத்த எலக்ட்ரிக் கிடார் அது. ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் தேன் நிறம். பெட்டியைத் திறந்ததும் பழைய வெல்வெட்டும் துருவும் யாருடையதோ சிகரெட்டும் கலந்து ஒரு வாசனை வந்ததே, அது பல் டாக்டரான அவள் மூக்கில் இன்னும் நிற்கிறது. கல்யாண வாழ்க்கையில் வேறெதுவும் அப்படி நிற்கவில்லை.

எனக்கு என்றாள் அவள். எனக்கு என்றான் அவன். இரண்டு வக்கீல்களும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முதுகில் இருந்த நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, தந்தி ஓடும் நீளக் கழுத்தை உருவி அவள் மடியில் போட்டான்.

"சரிபாதி. இப்ப குளுகுளுன்னு இருக்கா?"

அந்த ரகக் கிடாரில் கழுத்து தனி, உடம்பு தனி. சேர்ந்திருந்தால் பொக்கிஷம். பிரித்துவிட்டால் ஒன்று அகப்பை, இன்னொன்று பலகை. அன்றிலிருந்து அவள் அதே வருஷத்து உடம்பைத் தேடி அலைந்தாள். அவன் அதே வருஷத்துக் கழுத்தைத் தேடி அலைந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, காலி செய்யும் வீடு, பூட்டிக்கிடக்கும் கிளப், எங்கே போனாலும் மற்றவர் கால்தடம் அங்கே முன்னாலேயே பதிந்திருக்கும்.

பழைய இசைச் சாமான் தேடுவதே அவளுக்குப் போதையாக ஆகிவிட்டிருந்தது. தூசி படிந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு, விரல் நுனியால் ரெக்கார்டு உறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும்போது நெஞ்சுக்குள் ஒரு குதிரை ஓடும். அடுத்ததாக இருக்குமோ? அதற்கடுத்ததோ? கிடைக்காவிட்டாலும் அந்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் உடம்பு மட்டும் அகப்படவே இல்லை. கழுத்து அவள் அலமாரியில், துண்டில் சுற்றி, ஊமையாகக் கிடந்தது.

அப்போதுதான் ஊசியிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, கழுத்து முறிஞ்ச கிடார் ஒண்ணு வந்திருக்கு. உடம்பு முழுசு. நீ தேடுற வருஷம்தான்னு கொண்டாந்தவன் சொல்றான்."

ஊசி, டயர் கடைக்கு மேலே மாடியில் பழைய ரெக்கார்டு கடை வைத்திருப்பவர். பேச்சு சுருக்கென்று குத்தும், அதனால் அந்தப் பெயர். காசைக் கையால் தொடமாட்டார். "காசு எவன்கிட்ட வேணா இருக்கும். சரக்குக்குச் சரக்கு கொடு" என்பார். அவருடைய கடையில் சட்டம் ஒன்றுதான். ஒருவர் மேஜைமேல் வைத்த பொருளை, எதிராளி அதைவிட மேலாக ஒன்றை வைத்தால்தான் திரும்ப எடுக்கலாம். எதிராளி நிறுத்திக்கொண்டால், வைத்தது வைத்ததுதான்.

அவள் தன்னிடமிருந்த நல்ல சரக்கையெல்லாம் பைக்குள் திணித்து, கழுத்தையும் துண்டோடு எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மேஜையில் கிடந்தது அந்த உடம்பு. வெளிறிய கடல் பச்சை. அந்தக் கம்பெனி மிகக் கொஞ்சமாக அடித்த நிறம். கழுத்து உட்காரும் பள்ளத்தில் தன் கழுத்தை வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது. முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நுழைத்தாள்.

குதிரை பொத்தென்று விழுந்தது.

யாரோ மரத்தை உள்ளே தாறுமாறாகக் குடைந்திருந்தார்கள். அப்புறம் மரத்தூளும் பசையுமாகக் குழைத்து அடைத்து, மேலே பச்சை பூசியிருந்தார்கள். வருஷ முத்திரை இருக்க வேண்டிய இடம் சுரண்டிக்கிடந்தது. அந்தப் பச்சைக்கு வயசு மிஞ்சினால் போன மழைக்காலம். சொத்தைப் பல்லுக்குத் தங்க முலாம்!

கண்ணாடியை அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை. அதற்குள் பின்னால் அந்தக் குரல்.

"அடடே, டாக்டரம்மா! கிடாரையும் 'ஆ' காட்டச் சொல்லியாச்சா?"

சர்வேயர். அவளை விட்டுப் பிரிந்த அவனேதான். தோளில் ஒரு பெரிய பை. நசுங்கிய காரைச் சுற்றி வந்து, நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்து, 'இது பழைய நசுங்கல், இன்ஷூரன்ஸ் வராது' என்று சொல்வது அவன் உத்தியோகம். கட்டிய மனைவியையும் அதே கண்ணால்தான் பார்த்தான்.

அவள் ஊசியை முறைத்தாள். "இவருக்கும் போன் போட்டீங்களா?"

"ரெண்டு பேர் இருந்தாத்தானேம்மா கடை களைகட்டும்?" என்றார் ஊசி, டீயை உறிஞ்சியபடி.

"சர்வேயர் சாருக்கு இங்க என்ன சோலி? உடம்புதான் ஏற்கெனவே இருக்கே. தலைதானே இல்ல?"

"எனக்கு இது வேணாம்தான். உனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்ளோதான். அந்தக் கழுத்தை வெச்சு ஆயுசு பூரா முதுகு சொறிஞ்சுக்கோ."

'வேணாம், நீயே வெச்சுக்கோ' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகத்தான் நினைத்தாள். முதுகு சொறியச் சொன்னதுதான் சுட்டுவிட்டது. பைக்குள் கையை விட்டு, ஒரு நடன அரங்கின் பழைய சுவரொட்டியை எடுத்து மேஜையில் விரித்தாள். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. மூலையில் பாடகியின் கையெழுத்து.

அவன் ஒரு நொடி அவள் கையைப் பார்த்தான். டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் இன்னும் அவள் விரலிடுக்கில் இருந்தன. அவ்வளவுதான். கிடாரின் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையைத் திறந்து, காசு போட்டால் பாடும் ரெக்கார்டுப் பெட்டி ஒன்றின் பித்தளைச் சாவியையும் பாட்டுப் பெயர் அட்டைகளையும் வைத்தான்.

"சர்வேயர் கை மேல" என்றார் ஊசி.

அவளுக்குப் பொறி தட்டியது. நகத்தால் சுரண்டாமல் எதையும் நம்பாத மனுஷன், இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஏன்? அவள் பார்த்துவிட்டாள் அல்லவா! சேர்ந்து வேட்டையாடிய காலம் முழுக்க அவள் கண்தான் இருவருக்கும் கண். அவள் தலையாட்டினால் அவன் வண்டியில் ஏற்றுவான். வெறுக்கக் கற்றுக்கொண்ட மனுஷன் அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுத்தொலைக்கவில்லை. அப்படியானால் இந்தச் சொத்தையை அவன் தலையிலேயே கட்டலாம்.

அவள் சுவரொட்டியைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, வானொலி நிலையத்து வெள்ளி மைக்கை எடுத்து வைத்தாள்.

அவன் ஒரு பாடகனின் மேடைக் கோட்டை வைத்தான். கைப்பக்கம் சிகரெட் சுட்ட ஓட்டை.

"ஓட்டைக் கோட்டு! உங்க ராசிக்கு ஏத்ததுதான்."

"நீ வை. பேசாத."

அவள் மைக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பையில் இன்னும் வைக்காதது ஒன்றே ஒன்று. வெள்ளை லேபிள் இசைத்தட்டு. கடைக்கு வருமுன் சோதனைக்காக அடித்தது. அந்தப் பாட்டு கடைசிவரை வெளிவரவே இல்லை. அதைத் தேடி அவள் போகாத சந்தில்லை. இதை வைத்து, அவன் நிறுத்திக்கொண்டால்? தட்டும் போச்சு. கையில் ஒரு சொத்தைப் பலகை.

வைத்தாள். விரல் நடுங்கியதை அவன் பார்த்தான். ஆசையில் நடுங்குகிறாள் என்றே எடுத்துக்கொண்டான்.

அவன் பையைத் துழாவினான். தோற்றுத் திரும்பிய சாவியும் அட்டைகளும் தவிர காலி. உதட்டைக் கடித்தான். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டான்.

"அப்புறமென்ன, தங்கச்சிக்குத்தான். எடுத்துக்கோ" என்றார் ஊசி.

வெள்ளை லேபிளை ஊசி ஏற்கெனவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வீம்புக்கு ஆடி, வசமாக மாட்டிக்கொண்டாள். என்ன சொல்லித் தப்பிக்கலாம்? ஒன்றும் தோன்றவில்லை.

படியில் தடதடவென்று சத்தம்.

சர்வேயர் மூச்சிரைக்க வந்து, கார் டிக்கியிலிருந்து தூக்கிவந்த ஒரு மூட்டையை மேஜைமேல் வைத்து, சுற்றியிருந்த போர்வையை உருவினான்.

ஓரமெல்லாம் கறுப்பு. நடுவில் தேன் நிறம்.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பி, அலமாரியில் ரெக்கார்டு தேடுவதுபோல் நின்றாள். முகம் காட்டிக்கொடுத்துவிடும். காது மட்டும் பின்பக்கம் நின்றது.

"கழுத்து எங்க கிடைச்சாலும் வெச்சுப் பார்க்க இதை வண்டியிலேயே வெச்சிருப்பேன், ஊசிண்ணே. இனிமே எதுக்கு? பச்சை கிடைச்ச பிறகு இந்தப் பழுப்பு யாருக்கு வேணும்? கோட்டோட இதையும் சேர்த்துக்கோங்க."

"தங்கச்சி? நீ இன்னும் பச்சையைத் தூக்கல. இதுக்கு மேல ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

அவள் திரும்பவில்லை. "இல்லண்ணே. போதும். என்கிட்ட ஒண்ணுமில்ல."

"சொல்லு, தோத்துட்டேன்னு வாயால சொல்லு" என்றான் அவன்.

"தோத்துட்டேன். போய்த் தொலைங்க."

பச்சையைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு அவன் இறங்கினான். படியில் சீட்டியடித்துக்கொண்டே போனான். சீட்டி கீழே போய்ச் சேருமுன் அவள் மேஜையருகே நின்றாள்.

"இது என்ன விலை?"

ஊசி டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணில் ஒரு மினுமினுப்பு. "சுவரொட்டி, மைக்கு, வெள்ளை லேபிள். மூணும்."

"பகல் கொள்ளை! அந்தப் பச்சை என்ன லட்சணம்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"கொண்டாந்தவன் சொன்னதைச் சொன்னேன். நல்லதுன்னு சொன்னேனா? நீயும்தான் உள்ள எட்டிப் பார்த்தே, வாயைத் திறந்தியா?"

அவள் மூன்றையும் வைத்தாள். வெள்ளை லேபிளை விடும்போது மட்டும் விரல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரூக்களை ஊசி ஓசியில் தந்தார். தந்திக்கு மட்டும் அவளுடைய குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கழுத்தை வைத்தாள். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினாள். கடைசித் தந்தியை முறுக்கிக்கொண்டிருக்கும்போது படியில் மறுபடியும் தடதடப்பு. இந்தத் தடவை சீட்டி இல்லை.

வாசலில் நின்றான். கையில் பச்சைப் பலகை, முன்தகடு கழன்று தொங்கியது. அவள் மடியில் இருப்பதைப் பார்த்தான். முகம் கறுத்துப்போனது.

"ஏமாத்திட்டே."

"நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனா?"

"ஊசிண்ணே, இந்த வியாபாரம் செல்லாது. திருப்பிக் கொடுங்க."

"நம்ம கடையில வெச்சது வெச்சதுதான், தம்பி. தெரியாத மாதிரி பேசாத."

அவன் அவளிடம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது. "நீ பார்த்துட்டே. அதனாலதான் நான் பார்க்கல."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வக்கீல் நோட்டீஸ்களில் ஒன்றுகூட இப்படித் தைத்ததில்லை. இரங்கினால் இப்போதே இரங்க வேண்டும். அவள் இரங்கவில்லை.

"இனிமே நீங்களே பாருங்க. பெயின்ட் சுரண்டறது உங்க தொழில்தானே?"

"சரி. ஒரு தடவை வாசி. அதை முழுசாக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! கேட்டுட்டுப் போறேன்."

"உங்களுக்கா? மாட்டேன்."

அவன் நின்றான். அவள் ஆறு தந்தியின் மேலும் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். ஊசி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் பச்சைப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினான். பாதியில் நின்றான். காது கொடுக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

கார் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை அவள் கையை எடுக்கவில்லை.