கட்டிலுக்கு எதிரே ஒரு படம்

ஆராய்ச்சிக்கூடத்தில் ஆண்டுதோறும் படப்போட்டி வைப்பார்கள். நுண்ணோக்கியில் எடுத்த படம் எதுவானாலும் சரி, கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும். இந்த முறை முதல் பரிசு சோடாபுட்டிக்கு. கண்ணாடியின் தடிமனுக்காக வீட்டில் வைத்த பெயர் அங்கேயும் ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசை நினைத்தாலே அவனுக்குக் கசந்தது.

புற்றுநோய்ச் செல்கள் மேல் மருந்தை ஊற்றிப் பார்ப்பதுதான் அவன் வேலை. உயிரோடிருக்கும் செல் சாயத்தில் ஒளிரும், செத்தது ஒளிராது. பரிசுப் படத்தில் இருந்த தட்டில் ஒன்றாவது சாகாதா என்று தலைகீழாக நின்று பார்த்தான். பாழாய்ப்போன செல்கள் கிளை விட்டு, கொடி ஓடி, தட்டு முழுக்கப் பூத்துக் கிடந்தன. படத்துக்கு என்ன நிறம் கொடுப்பது என்பது எடுத்தவன் இஷ்டம். போகிற போக்கில் தங்க நிறம் கொடுத்தான், கொடுத்துவிட்டு அசந்துபோனான். அந்த மயக்கத்தில்தான் போட்டிக்கு அனுப்பித் தொலைத்தான்.

சட்டம் போட்டுக் கொடுத்த படத்தை வீட்டில் ஒளித்து வைப்பதற்குள் தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். அவள் உடம்பிலும் அதே நோய்தான்.

"உன் மருந்தோட படமாண்ணா?"

"ஆமா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். படம் அவள் கட்டிலுக்கு எதிரே ஏறியது.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தாள்.

"தங்கமா மின்னுது பாருங்கக்கா, அதான் மருந்து" என்றாள் தங்கச்சி. "சோடாபுட்டி கண்டுபிடிச்சது. தலையில வெறும் களிமண்ணுதான்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

அக்கா சிரித்துவிட்டுப் போனாள். வாசற்படியில் நின்றிருந்தவன் உள்ளே வந்தான். இனியும் ஏமாற்ற மனசு வரவில்லை.

"அது மருந்து இல்லம்மா."

"பின்ன?"

"நோய். மருந்து ஊத்தியும் சாகல."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"மருந்து வேலை செஞ்சிருந்தா எப்படி இருக்கும்?"

"ஒண்ணுமே தெரியாது. வெறும் கறுப்புதான்."

"அப்ப இதக் கழட்டிட்டு அந்தக் கறுப்புப் படத்தக் கொண்டுவந்து மாட்டுண்ணா. நான் அதையே பாத்துட்டுக் கெடக்கறேன்."

அவன் ஆணியிலிருந்து படத்தை இறக்கினான். இத்தனை வருஷத்தில் அவன் எடுத்த படங்களுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. கறுப்பாக ஒன்றுகூட அவனிடம் இல்லை.