வின்சன்ற் நிரப்பிய இரண்டு அடிகள்

பேராசிரியர் நமசிவாயத்தின் கையெழுத்தை யாழ்ப்பாணத்தில் இரண்டே பேரால்தான் வாசிக்க முடியும். ஒருவர் அவர் மனைவி. மற்றவன் அச்சுக்கோக்கும் வின்சன்ற். மனைவியே சில வேளை கைவிட்டுவிடுவார். வட்டுக்கோட்டையில் முப்பது வருடம் இலக்கியம் படிப்பித்து, ஒன்பது பழைய நூல்களைப் பதிப்பித்த மனிதர். அந்த ஒன்பதையும் எழுத்தெழுத்தாகக் கோத்தவன் வின்சன்ற்.

1946இல் ஓய்வுபெற்ற கையோடு, பதினைந்து வருடத்துக்கு முந்திய பதிப்பு ஒன்றை மறுபடி அச்சிடப் புது முன்னுரையோடு அச்சகத்துக்கு வந்தார். அதைக் கோக்கத் தொடங்கிய வின்சன்றுக்குக் கை ஓடவில்லை. 'கடலுக்குப் போனவனுக்காக விளக்கைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பவளைப் பாடிய அந்த இரண்டு அடிகளுக்கு ஈடாக நான் வேறொன்றும் படித்ததில்லை' என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு அடிகளையும் எழுதியது வின்சன்ற்.

ஓலை ஏட்டில் செல்லரித்த இடத்தில் ஓர் எழுத்தும் சேர்க்காமல் புள்ளி வைப்பது பேராசிரியரின் வைராக்கியம். முதற் பதிப்பைக் கோத்த அன்று, அந்தப் பெண் பாதிப் பாட்டில் புள்ளிகளுக்குள் நிற்பதை வின்சன்றால் பொறுக்க முடியவில்லை. குருநகர்க் கரையில் அவன் தாய் நின்ற நிலை அது. பாட்டுக் கோத்துக் கோத்து ஓசை விரலில் ஊறியிருந்தது; நிரப்பிவிட்டான். காய்ச்சலில் கிடந்த பேராசிரியர், அச்சுக்கு முன் பிழை பார்க்கும் கடைசிப் புரூவைப் பார்க்கவில்லை. நண்பர் கந்தப்புப் புலவர்தான் வேறு ஏடு கண்டு அச்சகத்துக்கு அனுப்பியிருப்பார் என்று நூல் வெளிவந்தபின் அவர் நம்பிவிட்டார். கேட்டறியப் புலவர் உயிரோடு இல்லை.

வின்சன்ற் இதை வருடாவருடம் தபசுகால நோன்பில், தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்லிவந்தான். "என்னட்டைச் சொல்லி என்ன? அவரிட்டைச் சொல்லும்" என்று பாவம் கேட்கும் சுவாமியாரே அலுத்துப்போனார். சொன்னால் வேலை போகும். அதைவிட, அந்தப் பெரிய மனிதரின் பெயர் ஊர் வாயில் விழும். இனியும் சொல்லாவிட்டாலோ, பொய் அவர் கையெழுத்தோடேயே நிலைத்துவிடும்.

மறுநாள் சொல்லிவிட்டான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்னுரையைத் தாரும்."

கிழிக்கப் போகிறார் என்றே வின்சன்ற் நினைத்தான். அவரோ புகழ்ச்சியில் ஒரு சொல்லையும் வெட்டாமல் அதன் கீழே எழுதினார்: 'இவ்வடிகள் பழம் புலவருடையவை அல்ல, குருநகர் வின்சன்ற் இயற்றியவை. பதினைந்து வருடம் இதை அறியாமல் படிப்பித்த பிழை என்னுடையது.'

"ஐயா, ஊர் சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். நல்லாயிருக்கெண்டு நான் சொன்னது பொய்யே? பாட்டிலை புள்ளியைத் திருப்பி வையும். உம்மடை அடியளை என்ரை முன்னுரையிலை முழுசாய்ப் போடும்."

இப்படியும் ஒரு மனிதர்! கலியாணமும் செத்தவீடுமாய்ப் பல்லாயிரம் பேரின் பெயரைக் கோத்த வின்சன்ற் தன் பெயரை ஒருநாளும் கோத்ததில்லை. கண் கலங்கியதில் எந்த எழுத்து அச்செழுத்துப் பெட்டியின் எந்த அறையில் என்று தெரியவில்லை.

பேராசிரியர் மர வாங்கை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் அமர்ந்தார்.

"ஆறுதலாய்ச் செய்யும். கடைசிப் புரூவை இந்தமுறை நான் பாத்திட்டுத்தான் போவன்."