கோடு வரைக்கும் தண்ணீர்

“பொண்ணு பாக்கவா வர்றாங்க? இத்தனை பூச்சு எதுக்குக்கா?”

“பேசாத செல்லி. அந்த விரிசல்ல இன்னும் ரெண்டு உருண்டை வெச்சு அழுத்து.”

“அழுத்த அழுத்த உள்ள போயிக்கிட்டே இருக்குது. கெணத்துலதான் போயி வுழுவுதோ என்னமோ.”

“வுழட்டும். மேல மூடுனாப் போதும்.”

காசியம்மாள் சாக்கடைக்குள் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செம்மண்ணும் சாணியும் சாம்பலும் குழைத்த சட்டி பக்கத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லி உருட்டிக் கொடுக்க, இவள் கல்லிடுக்குகளில் அடைத்து உள்ளங்கையால் தேய்த்து வழவழப்பாக்கினாள்.

தர்மபுரியின் அந்தத் தெருவுக்கு நடுவே ஓடிய கல் சாக்கடையை யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெருவின் ஒரே கிணற்றை உரசிக்கொண்டு அது போயிற்று. அந்த இடத்தில்தான் கற்கள் வாய் பிளந்து கிடந்தன. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழை பிடித்துவிட்டால் கிணற்றுத் தண்ணீர் கலங்கி ஒரு வாடை வரும். எல்லோரும் வடிகட்டிக் குடிப்பார்கள். போன ஐப்பசியில் வாந்திபேதி வந்தபோது காசியம்மாளின் மூத்தவன் கோவிந்தன் ஒரே ராத்திரியில் போய்விட்டான். மிச்சம் இருப்பது இளையவள் ராமக்கா. இப்போதுதான் சொம்பைத் தானே தூக்கிக் குடிக்கப் பழகியிருந்தாள்.

அடுத்த மழைக்குள் அந்தச் சாக்கடையைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட வேண்டும். காசியம்மாளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஆனால் யுத்தம் வந்ததிலிருந்து சிமெண்ட் கண்ணில் படாத சாமானாகிவிட்டது. சேலத்திலிருந்து ஓவர்சியர் வந்து எல்லாத் தெருச் சாக்கடைகளையும் சோதிப்பார், ஒரு தெருவுக்கு மட்டும் சிமெண்ட் வரும் என்று தண்டோரா போட்டார்கள். எந்த மாதிரித் தெருவுக்கு என்று யாரும் சொல்லவில்லை. மளிகைக்கடைப் பச்சியப்பன்தான் சொன்னார்.

“ஓட்டைப் பானையில யாராச்சும் பாலை ஊத்துவாங்களா? சர்க்கார் மட்டும் ஊத்துமா? தெருவு பாக்கறதுக்கு லட்சணமா இருந்தாத்தான் கொடுப்பாங்க. கூட்டுங்க, மெழுவுங்க, கோலம் போடுங்க.”

அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இல்லாதவர்களைத் தேடி வந்து இதுவரை யாரும் எதையும் கொடுத்ததாக அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். வெயிலில் வெளுத்துப்போன தொப்பி, தூக்கம் போதாத கண்கள். கோலங்களை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார். கிணற்றுக்கு மேலும் கீழும் சாக்கடையில் களிமண் அணை போடச் சொல்லி, நடுவில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். பெண்கள் சேந்திச் சேந்தி ஊற்றினார்கள். நிரம்பியதும் நீர்மட்டத்தில் பக்கக் கல்லின்மேல் சீமைச் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார்.

“சாப்பிட்டு வந்து பாக்கறேன். தண்ணி இந்தக் கோட்டுலயே நிக்குதான்னு.”

“நிக்காம எங்க போவுதுங்க? எங்க சாக்கடையாட்டம் இந்த ஊர்ல காட்டுங்க பாக்கலாம்” என்றார் பச்சியப்பன். அவர் வீட்டில்தான் சாப்பாடு. இருவரும் போனார்கள்.

தெரு அடங்கியது. சாக்கடையில் வானம் கிடந்தது. ஒரு வெள்ளை மேகம் இந்த அணையிலிருந்து அந்த அணை வரை மெதுவாகப் போயிற்று. சாக்கடைக்குள் மேகம் போகும் என்று காசியம்மாள் நினைத்ததே இல்லை. எங்கோ கடலோரத்தில் ஓர் ஊர் இருக்கும், அங்கே எல்லாத் தெருவும் இப்படித்தான் தண்ணீராக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ராமக்காவை இடுப்பில் வைத்துக் குனிந்து காட்டினாள். குழந்தை தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

அப்போதுதான் கிணற்றுக்குள் சத்தம் கேட்டது. சொட்டு விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் அது நூலாக ஒழுகும் சத்தமாயிற்று. சாக்கடையைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை ஈரக்கல் தெரிந்தது.

ஓட்டைப் பானை.

குழந்தையை இறக்கிவிட்டு வாளியைக் கிணற்றில் விட்டாள். சேந்தி ஊற்றினாள். மேகம் உடைந்து கலங்கியது. இன்னொரு வாளி ஊற்றினாள். செல்லி ஓடிவந்தாள்.

“எறங்கிடுச்சாக்கா?”

“கத்தாத. அந்தப் பக்கம் நீ ஊத்து.”

“பாத்துக்கா, கோட்டுக்கு மேல போயிடப் போவுது. சாக்கடையில ஊத்து பொங்குதுன்னு ஓவர்சியரு பயந்துக்குவாரு.” இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோவிந்தன் போனபிறகு காசியம்மாள் சிரித்தது அன்றுதான்.

ஓவர்சியர் வெற்றிலை மென்றபடி திரும்பி வந்தார். குனிந்து பார்த்தார். தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது.

“பேஷ். ஒரு பொட்டு எறங்கலையே. உங்க தெருவுக்குக் கவலையே இல்லை.” தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். “சந்தைத் தெருவுலதான் பாவம், ஊத்த ஊத்த அத்தனையும் பூமிக்குள்ள போயிடுச்சு. அவங்களுக்குத்தான் சிமெண்ட்.”

பச்சியப்பனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

காசியம்மாள் முன்னால் வந்தாள். “சாமி, எறங்குச்சுங்க. ரெண்டு வெரக்கடை எறங்குச்சு. நான்தான் சேந்தி ஊத்துனேன்.”

“நானும் ஊத்துனேனுங்க” என்றாள் செல்லி.

ஓவர்சியர் இருவரையும் பார்த்தார். கோபப்படவில்லை. “ஏம்மா, காலையில எங்க சாக்கடையாட்டம் உண்டான்னீங்க. சிமெண்ட் வேற தெருவுக்குன்னதும் ஒழுவுதுங்கறீங்க. எல்லாத் தெருவுலயும் கடைசியில இதையேதான் சொல்றாங்க. நான் யாரை நம்பறது?”

அவள் சாக்கடைக்குள் இறங்கினாள். முந்தின நாள் தேய்த்த பூச்சை நகத்தால் பிறாண்டினாள். மண் கட்டியாக வந்தது, உள்ளே கறுப்பாக விரிசல் தெரிந்தது.

“விரிசல் எல்லாக் கல்லுலயும் இருக்கும்மா. தண்ணி நின்னுதா இல்லையா, அதுதான் எனக்குக் கணக்கு. மண்ணு பூசுனா நிக்குதில்ல? வருசா வருசம் பூசிக்குங்க.”

“மழையில கரைஞ்சு போயிடுதுங்களே சாமி.” அவள் பச்சியப்பன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க. போன ஐப்பசியில நடந்ததைச் சொல்லுங்க.”

பச்சியப்பன் கிணற்றுக் கயிற்றைப் பார்த்தார். இந்தச் சாக்கடை தன் மேற்பார்வையில்தான் இப்படி இருக்கிறது என்று சாப்பிடும்போது அவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். “நான் ஐயாவோட வூட்ல இருந்தேன். இங்க என்ன நடந்துச்சுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?” என்றார்.

அணையை உடைக்கச் சொல்லிவிட்டு ஓவர்சியர் நடந்தார். தண்ணீர் கலங்கி, வானத்தையும் இழுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடியது. அவர் மாலை பஸ்ஸில் அரூர் போக வேண்டும், அங்கேயும் சாக்கடைகள் இருந்தன. காசியம்மாள் சேறு வழியும் கைகளோடு பின்னாலேயே போனாள். இப்போது அவர் கோலங்களைச் சுற்றி நடக்கவில்லை.

“சாமி, இன்னொருக்கா தண்ணி ரொப்பிப் பாருங்க. நான் கிட்டவே வர மாட்டேனுங்க. என்னை வூட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுப் பாருங்க, சாமி.”