மில்லிமீட்டரின் இரும்புக் குழாய்

தையல் வகுப்பில் ஆணி பறக்கிறது என்ற செய்தி வந்தபோது, மில்லிமீட்டர் ஓர் இரும்புக் கட்டியின் மூலை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூலைதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

பள்ளியின் பட்டறை ஆசிரியருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது மாணவர்கள். இருபத்திரண்டு வருடமாக, அவரிடம் வருகிற ஒவ்வொருவரும் முதல் ஆறு மாதம் ஓர் இரும்புக் கட்டியை அரம் போட்டுச் சதுரமாக்க வேண்டும். அடுத்த ஆறு மாதம் அதை இன்னும் சதுரமாக்க வேண்டும். வருடக் கடைசியில் அதைக் காகிதம் பறக்காமல் வைக்கிற கட்டி என்பார்கள். பள்ளியில் காகிதமே அருகிவிட்ட காலத்தில் பட்டறை அலமாரியில் அறுநூறு கட்டிகள், பறப்பதற்கு ஒரு தாளும் இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

ஆணியைப் பறக்கவிட்ட தையல் டீச்சர் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தங்கை. இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். தைக்கத்தானே போகிறாள் என்று நினைத்துச் செய்த பெருந்தன்மை அது.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. செய்முறை வகுப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு துறைத் தலைவரைப் போடப்போகிறார்கள். சனிக்கிழமை நிர்வாகக் குழு வரும், ஒவ்வொரு வகுப்பும் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும், பார்த்துவிட்டு முடிவு. மில்லிமீட்டரின் கணக்கில் அது என்றைக்கோ முடிவாகிவிட்டது. 'துறைத் தலைவர்' என்று தன் கையாலேயே எழுத்து வெட்டிய பித்தளைப் பலகை ஒன்று அவருடைய இழுப்பறையில், மெத்தென்ற துணிக்குள், மூன்று வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து மறுபடி தூங்கவைப்பார்.

தற்செயலாக வந்ததுபோல் தையல் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வாங்கத்தான்! சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றாள் அவள். பள்ளியில் 'சார்' என்று கூப்பிடச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியாயிற்று. மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மேசைமேல் ஒரு ஜூஸ் ஸ்ட்ரா. அதன் பின்முனையைச் சுற்றித் தாமிரக் கம்பிச் சுருள். பக்கத்தில் பழைய கேமரா ஃப்ளாஷிலிருந்து கழற்றிய மின்தேக்கி. ஒரு மாணவி பொத்தானை அமுக்கினாள். 'டிக்' என்றது. ஸ்ட்ராவுக்குள் இருந்த சின்ன ஆணி அறையின் அந்தக் கோடியிலிருந்த ஊசிமெத்தையில் போய்க் குத்தி நின்றது.

வகுப்பே கைதட்டியது. மில்லிமீட்டர் சுருளைக் குனிந்து பார்த்தார். கம்பி கம்பியோடு ஒட்டி, ஒரு சுற்றுகூட மேலேறாமல், வரிசை வரிசையாகப் படுத்திருந்தது.

"இத யாரு சுத்துனது?"

"தையல் மிஷின்தான். பாபின்ல நூல் சுத்துற மாதிரியே கம்பிய விட்டு மிதிச்சோம், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

"ஸ்ட்ரால எல்லாம் செஞ்சா அதுக்குப் பேரு விளையாட்டுச் சாமான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி தட்டைக்கூட வைக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "தங்கச்சி என்னமோ ஆணிய விடுறாளாமே, ஊரே பேசுது. நீங்க என்ன செய்யப்போறீங்க? அந்தக் கட்டியேதானா?"

அந்த 'ஏ'காரத்தில் மறுநாளே வேலை தொடங்கியது. அதே ஏவுகருவி, ஆனால் ஆண்மகன் செய்த ஏவுகருவி. ஸ்ட்ராவுக்குப் பதில் இரும்புக் குழாய். உள்ளே முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மெருகு. அதன் பின்முனையைச் சுற்றி, மேசையோடு இறுக்கிய கம்பிச் சுருள். மின்தேக்கி ஒன்றுக்கு நான்கு. குழாயைத் தாங்க இரண்டு மரத் தாங்கிகள், திருகு கிடையாது. பொருத்தம் சரியாக இருந்தால் திருகு எதற்கு என்பது அவர் கொள்கை. ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அளக்கத் தெரியாதவன்தான் ஓட்டிப் பார்ப்பான் என்பது இன்னொரு கொள்கை.

வெள்ளிக்கிழமை தையல் டீச்சர் பட்டறைக்கு வந்தாள். குழாயை விரலால் தட்டினாள்.

"அத்தான், இது இரும்பா?"

"பின்ன என்ன, ஸ்ட்ராவா?"

"இல்லத்தான், காந்தம் ஆணிய இழுக்கறதுக்கு முன்னாடி..."

மில்லிமீட்டர் சாணை இயந்திரத்தைப் போட்டார். அவள் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்துவிட்டு ஓய்ந்தன. அவருக்குப் பரம திருப்தி.

சனிக்கிழமை நிர்வாகக் குழு மூன்று நாற்காலிகளில் அமர்ந்தது. தையல் வகுப்பின் ஆணி பறந்து குத்தி நின்றது, மூவரும் கைதட்டினார்கள். பிறகு மில்லிமீட்டர் எழுந்தார். துல்லியம் என்றால் என்ன, மெருகு என்றால் என்ன, இன்றைய தலைமுறை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பன்னிரண்டு நிமிடம் பேசினார். முடித்துவிட்டு, கருவிக்குப் பின்னால் கம்பீரமாக நின்று பொத்தானை அமுக்கினார்.

சுருளுக்கு ஆணி எங்கே கண்ணில் பட்டது? அதற்கு முன்னால் ஒன்றரை அடி இரும்பு கிடந்தது. அதைத்தான் இழுத்தது. அவர் போட்ட மெருகில், ஒரு திருகின் தடையும் இல்லாமல், குழாய் பின்பக்கமாகப் பாய்ந்து அவருடைய தொப்புளுக்குச் சற்று மேலே 'ணங்'கென்று இடித்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து, அன்றைக்கு அந்த மேசையிலிருந்து பறந்த ஒரே பொருளாகக் குழுத் தலைவரின் காலடியில் போய் விழுந்தது.

மில்லிமீட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயைச் சாய்த்தார். ஆணி தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் மெதுவாக உருண்டு வெளியே வந்தது.

"இது யார நோக்கி விடுற கருவி?" என்று கேட்டார் குழுத் தலைவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு.

"குழாயோட மெருகப் பாருங்க சார்" என்று தையல் டீச்சர் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "எங்க வகுப்புல யாராலயும் இப்படிப் போட முடியாது."

இடித்த குழாயைவிட அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார். "தையல் டீச்சர்தான் துறைத் தலைவர். கதவுல மாட்ட ஒரு பலகை வேணும். எத்தன நாளாகும் சார்?"

"அஞ்சு நிமிஷம்" என்றார் மில்லிமீட்டர்.

பலகையைத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். தையல் அறைக் கதவில் இடது திருகைச் சரியான இடத்தில் போட்டார். வலது திருகை யோசித்து, அளந்து, மூன்று மில்லிமீட்டர் கீழே போட்டார். தள்ளி நின்று பார்த்தார். பலகை கோணலாகச் சிரித்தது. மூன்று நாளில் முதல்முறையாக அவரும் சிரித்தார்.

அவளுக்குக் கோணல் கண்ணில் படவே இல்லை. "எவ்வளவு அழகா இருக்கு!" என்று மாணவிகளையெல்லாம் வெளியே கூட்டி வந்தாள். "எங்கத்தான் கையால செஞ்சு மாட்டுனது." மதியத்துக்குள் எழுத்தர், நூலகர், காவலாளி என்று ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். நூலகர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வெகுநேரம் பலகையைப் பார்த்தார். "அவரா மாட்டுனாரு?" என்றார்.

கடைசி மணி அடித்து எல்லாரும் போகும்வரை மில்லிமீட்டர் பட்டறையில் காத்திருந்தார். பிறகு ரசமட்டத்தையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு தையல் அறைப் பக்கம் நடந்தார்.