எர்த்துக்குக் கட்டிய ஜரிகை

"டீச்சர்! பேச்ச நிறுத்துங்க! நிறுத்துங்கன்னேன்!"

கீழேயிருந்து பரசுராமன் போட்ட சத்தத்தில் ரேணுகாதேவியின் கையிலிருந்த மைக் நழுவியே விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட நிம்மதியாக நாலு வார்த்தை பேச முடிகிறதா? ரேடியோவை அணைத்துவிட்டுத் தடதடவென்று படியிறங்கினாள்.

பரசுராமன் வீட்டுக்காரர். கீழே பட்டுத்தறி போட்டிருக்கிறார். மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் ரேணுகாதேவி பள்ளிக்கூட டீச்சர். பரீட்சை எழுதி, முறையாக லைசென்ஸ் வாங்கி, எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறாள். மொட்டைமாடியில் ஒரு இரும்புக் கம்பம், அதிலிருந்து இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி, அதுதான் ஆன்டெனா. "கம்பமா? இடி விழும்மா" என்று ஆரணியில் அவள் பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் கதவைச் சாத்த, சரி என்று தலையாட்டிய ஒரே ஆள் பரசுராமன்தான். இந்த இடமும் போனால் ரேடியோவைப் பரண்மேல் ஏற்ற வேண்டியதுதான்.

"இங்க பாருங்க. மயிலுக்குக் கழுத்தையே காணோம்" என்று தறியிலிருந்த புடவையைக் காட்டினார் அவர். "முகூர்த்தப் பொடவ! பொண்ணோட அம்மா தெள்ளாருலருந்து இத்தப் பாக்க வந்துகினு கீறாங்க. சாயங்காலத்துக்குள்ள கம்பம் எறங்கணும். இல்லன்னா வீட்ட காலி பண்ணுங்க!"

தறிக்கு மேலே ஒரு எலக்ட்ரானிக் பெட்டி இருந்தது. எந்த இழையைத் தூக்க வேண்டும், எதை இறக்க வேண்டும் என்று டிசைனைச் சொல்வது அதுதான். மாடியில் இவள் மைக்கை அழுத்தினால் கீழே அந்தப் பெட்டி தடுமாறியது. இதைப் பரசுராமன் மனைவி கிருஷ்ணம்மாள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. எதிர்வீட்டு மிக்ஸி எரிந்ததும், பக்கத்து வீட்டில் பால் திரிந்ததும்கூட டீச்சர் கணக்கில்தான் எழுதப்பட்டன. கடைக்குப் போனாலும் அதே பேச்சு. மனுஷிக்கு ஆத்திரம் வராதா?

அவளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, சிக்னலை வெளியே விடாமல் தானே விழுங்கிக்கொள்ளும் டம்மி லோடை மாட்டிப் பேசிப் பார்த்தாள். தறி ஒழுங்காக ஓடியது. பவரைக் குறைத்துப் பார்த்தாள், அப்போதும் ஓடியது. ஆன்டெனா வழியாக முழுப் பவரில் பேசினால்தான் கோளாறு. அப்படியென்றால் அலை காற்றில் வந்து பெட்டிக்குள் நுழைகிறது. நுழைய வழிவிட்டது எது? அதைப் பார்க்கலாம் என்றால் இந்த மனிதர் அவளைத் தறிப் பக்கமே விடவில்லை.

இன்று அவள் நகர்வதாக இல்லை. "பெட்டிய நான் தொடல அண்ணா. எர்த்து எங்க குடுத்திருக்கீங்க, அத மட்டும் காட்டுங்க."

அந்தக் கேள்வியில் பரசுராமனுக்குக் கோபம் பாதி இறங்கிப் பெருமை ஏறிவிட்டது. பெட்டிக்குப் பின்னாலிருந்து விரல் கனத்துக்கு ஒரு தங்க நிறக் கயிறு சுவரோரம் இறங்கி, தரையில் அடித்திருந்த எர்த்துக் கம்பியில் முடிச்சுப் போட்டு நின்றது.

"ஒயரு எதுக்கு? செம்ப விட வெள்ளி ஒசத்தியாச்சே, கரண்டு ஜல்தியா எறங்கும். பொடவைக்குப் போடற அதே ஜரிகைதான். மிச்சம் மீதிய முறுக்கி நானே கட்டிகீறேன். எவன் போடுவான் வெள்ளியில எர்த்து?"

எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது தப்பில்லை, வெள்ளி செம்பைவிட நன்றாகவே மின்சாரம் கடத்தும். மாடிக்கு ஓடி, மின்சாரம் பாய வழி இருந்தால் கத்திக் காட்டும் மல்டிமீட்டரை எடுத்து வந்தாள். அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினாள். கீ என்று கத்தியது. ஜரிகைக் கயிற்றின் இரு நுனியிலும் வைத்தாள். சத்தமே இல்லை.

"உங்க பெட்டிக்கு எர்த்தே இல்லைங்க! அதான் உள்ள ஓடற ஒயரெல்லாம் என் சிக்னல இழுக்குது. இத வெச்சிகினு ஊரெல்லாம் என்னத் திட்டினீங்களே!"

"மீட்டரு கெட்டிருக்கும்" என்றார் அவர். பீரோவைத் திறந்து, பிரிக்காத புது ஜரிகைக் கட்டு ஒன்றைப் பிரித்து நீட்டினார். "இதுல வைங்க."

வைத்தாள். சத்தம் இல்லை. பக்கத்திலிருந்த ஆணியில் வைத்தாள். கத்தியது. மறுபடி ஜரிகையில் வைத்தாள். ஊமை. வெள்ளி என்றால் கத்தும், செம்பு கலந்திருந்தாலும் கத்தும். இது கத்தவில்லை என்றால் மினுக்குப் பூசிய பிளாஸ்டிக். பரசுராமன் முகம் செத்துப்போனது. ஜரிகைக்காரன் அவர் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான்.

வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. தெள்ளார் ஆதிலட்சுமியம்மாள், பெண்ணின் அம்மா.

பரசுராமன் குனிந்து காதோரம் சொன்னார்: "டீச்சர், வாயத் தொறக்காதீங்க. கம்பம் அங்கியே நிக்கட்டும். யாரு கேக்கப் போறாங்க?"

கம்பம் நிற்கட்டும் என்ற இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை தடவை இந்த மனிதரிடம் கெஞ்சியிருப்பாள்! இல்லாத பழியைத் தலையில் போட்டுவிட்டு, அதை இறக்குவதற்கு இப்போது விலை பேசுகிறாரே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னாது அது, கீ கீன்னு?" என்று சிரித்துக்கொண்டே வந்த ஆதிலட்சுமி, விளையாட்டாகத் தன் முந்தானையை நீட்டினாள். "என் கல்யாணப் பொடவ. இதுல வையேன்."

பழைய ஜரிகை கணீரென்று கத்தியது. அந்த அம்மாவுக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். "இப்ப என் பொண்ணு பொடவையில வையி!"

ரேணுகாதேவி பரசுராமனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார். அவள் தறியிலிருந்த புடவையின் ஜரிகைக் கரையில் மீட்டரை வைத்தாள். சத்தம் வரவில்லை.

"இதுல வெள்ளியே இல்லைங்கம்மா, வெறும் பிளாஸ்டிக். அண்ணனும் தெரியாமதான் வாங்கியிருக்காரு. எவனோ ஏமாத்திட்டான்."

பிற்பாதி யார் காதில் விழுந்தது? "எம் பொண்ணு பிளாஸ்டிக்க சுத்திகினு மணையில உக்காரணுமா? நல்லாருப்பியாய்யா நீ?" என்று ஆதிலட்சுமி முகத்துக்கு நேரே கத்திவிட்டுக் கிளம்பிப் போனாள்.

பரசுராமன் பேச்சில் மரியாதை போய்விட்டது. "எறக்கு. கம்பத்த எறக்கிட்டு நீயும் வேற வீடு பாத்துக்க."

சாயங்காலம் அவளே கம்பியைச் சுருட்டி, கம்பத்தைச் சாய்த்தாள். உதவிக்கு ஒரு ஆள் வரவில்லை. உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். சொல்லிவிட்டு வரலாம் என்று கீழே போனபோது தறியில் வேறு யாருக்கோ அடுத்த புடவை ஓடிக்கொண்டிருந்தது. பீரோவிலிருந்து எடுத்த அதே ஜரிகைதான் குறுக்கிழையாக ஊடையில் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா! தெரிஞ்சுமா?"

அவர் தலை நிமிரவில்லை.

"மீட்டர் வெச்சிகினு கீற பொம்பள இந்தத் தெருவுல நீ ஒருத்திதான்" என்றார். "நீயும்தான் போவப் போறியே."