பதினேழு பெயர்கள்

ரசிகர் நாள் விழாவை இந்த முறை நரெல்லாவில் வைப்பதென்று முடிவானபோது ரேலீன் ஹஸ்கெட் மறுப்புச் சொல்லவில்லை. நான்கு ஊர் ரக்பி லீக் போட்டிக்குப் பதினோரு வருஷமாக அவள்தான் செயலாளர். ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் ஜனங்களுக்கு ஆசை காட்ட ஆண்டுதோறும் ஓர் ஊரில் இப்படி ஒரு நாள் நடக்கும். நரெல்லா அவள் ஊர். கஷ்டம் என்னவென்றால், 'கொக்குகள்' என்ற அந்த ஊர் அணிக்கு ஆள் இல்லை.

பருத்தி ஆலை மூடியதிலிருந்து இளவட்டங்கள் ஒவ்வொருவராகக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். அவளோடு ஒரே வீட்டில் இருந்த தம்பி க்ளென்னும் போன வருஷம் போய்விட்டான். ரசிகர் நாளன்று மாலை நான்கு மணிக்குள் பதினேழு பேர் கையெழுத்திடாத அணிக்குப் போட்டியில் இடமில்லை என்பது விதி. கொக்குகளிடம் ஒன்பது பேர் இருந்தார்கள்.

பிப்ரவரி அங்கே கோடை; வெயில் ஏறுமுன் அன்று காலை ஆறு மணிக்கே தனியாக மைதானத்துக்கு வந்து கயிறு கட்டினாள். குழந்தைகள் குதிக்கும் காற்றுக் கோட்டை, பந்தை உதைக்கும் பந்தயம், இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் குலுக்கல், வெங்காயம் வதக்கும் சாஸேஜ் அடுப்பு என்று எல்லாம் அவள் தொலைபேசியில் பேசிப் பேசிச் சேர்த்தவை. பத்து மணிக்குள் நானூறு பேர் வந்துவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கொக்குகளின் மேஜைப் பக்கம் போய் நிற்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு காகிதமும் நூலில் கட்டிய பேனாவும் அங்கே தனியாகக் கிடந்தன.

முகத்துக்குச் சாயம் பூசும் பெண் கேட்டாள்: "அக்கா, சிவப்பும் நீலமும் தீரப்போகுது. பச்சை கேட்டு ஒரு ஆளும் வரல. மூடி வெச்சிடட்டா?"

"திறந்தே இருக்கட்டும்," என்றாள் ரேலீன். பச்சை கொக்குகளின் நிறம்.

மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தபோது பதின்மூன்று பெயர்கள் இருந்தன. சர்ச் பாதிரியாரும் கையெழுத்திட்டிருந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

சற்று நேரத்தில் எதிரணிகளில் ஒன்றான வில்காராவின் தலைவன் தவிதா, சமோவாக்காரன், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், இரண்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என் அத்தை பசங்க, அம்மா. எங்க டீம்ல உக்காந்து உக்காந்து பெஞ்சுதான் தேஞ்சுது. உங்களுக்காக ஆடட்டும்."

"உனக்கு எதிரா ஆடணுமே?"

"அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். என் வீட்ல சோறு திங்கிற திமிருக்கு, நானே இவனுங்களை அடிச்சு வீழ்த்தணும்."

அவள் சிரித்தாள். அன்று முதல்முறையாக. பதினைந்து ஆயிற்று.

நான்கு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் போட்டிக் கமிட்டியின் தலைவர் டூலி கையில் சாஸேஜ் ரொட்டியோடு வந்தார்.

"பிரமாதம், ரேலீன். இப்படி ஒரு கூட்டத்த நான் பாத்ததே இல்ல. எத்தனை ஆச்சு?"

"பதினஞ்சு."

டூலி சுற்றுமுற்றும் பார்த்தார். "க்ளென் பேரப் போடு. இன்னொண்ணுக்கு என் பேரப் போட்டுக்க. எவன் வந்து எண்ணப் போறான்?"

"க்ளென் வரமாட்டான்."

"வருவான்னு நான் சொன்னேனா? பேரத்தான் போடச் சொன்னேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடி, அஞ்சு ஊரா இருந்தப்ப, கூரா டீமுக்குப் பதினாறு பேரு இருந்தாங்க, டூலி. ஒரே ஒரு ஆள் குறைச்சல். வெளிய போங்கன்னு கடுதாசி எழுதினது யாரு?"

"கமிட்டி சொல்லிச்சு, நீ எழுதின. அவ்ளோதான்."

"கையெழுத்து என்னுது."

டூலி ரொட்டியை மென்றபடி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ரேலீன் பேனாவை எடுத்துக் காகிதத்தின் அடியில் பதினைந்து என்று எழுதி, நேரத்தையும் குறித்தாள். ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியதும் அவள்தான்.

"வந்த எல்லாருக்கும் நன்றி. இந்த வருஷம் மூணு அணி ஆடும்."

கோட்டைக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் பாதிப்பேருக்குக் காதில் விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பாதிரியார் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பதினைந்து பேரில் நான்கு பேரை மற்ற அணிகள் எடுத்துக்கொண்டன. தவிதாவின் அத்தை மகன்கள் பழைய பெஞ்சுக்கே திரும்பினார்கள்.

முதல் ஆட்டம் ஏப்ரலில், வில்காராவில். நூற்று முப்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். மணி பார்க்கும் வேலைக்கு ஆள் இல்லையென்று டூலி கேட்டிருந்தார். கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பந்து எந்தப் பக்கம் போனாலும் ஜனம் எழுந்து நின்றது. தேநீர்க் குடுவையோடு பக்கத்தில் இருந்த பெண் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சத்தமே காணோம். நீங்க யாரு பக்கம்?"

"நான் மணி பாக்க வந்தேன்," என்றாள் ரேலீன். இடைவேளைக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.