நான்கு சட்டைகளும் ஒரு பின்சக்கரமும்

நூற்றொன்பதாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் அவளுடைய சைக்கிளின் பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. விரல் நீள முள். நாலாபுறமும் மணல், நடுவே கறுப்பாக ஒரே சாலை, தலைக்கு மேல் காலைப் பத்து மணி வெயில்.

"பரவாயில்ல, ஒட்டிடலாம்" என்று இறங்கினார் கணவர். தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டர்காரர். எதைத் தொட்டாலும் இத்தனை கிராம் என்று சொல்லாமல் கீழே வைக்க மாட்டார். இந்தப் பயணத்துக்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷையே பாதியாக வெட்டியவர்.

ட்யூபை ஒட்டியாயிற்று. "என் பம்ப்பை எடுங்க" என்றாள்.

"உன்னோடது... இல்லம்மா. உனக்கு பாரம் குறையட்டும்னு லாட்ஜ் ரூம்லயே வெச்சுட்டேன். முந்நூறு கிராம். அதான் என்னோடது இருக்கே!"

அவர் தன் பையைக் கவிழ்த்தார். அவள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுல இருக்காதுங்க. முட்டி வலின்னீங்களே... நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் எடுத்து மேஜைக்குள்ள வெச்சேன். என்னோடது இருக்கேன்னு."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இருவரும் பேசி வைக்காமலே ஒரே காரியத்தைச் செய்தது இதுதான் முதல் தடவை. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் சாலை போகும் திசையைப் பார்த்தாள்.

போன வருடம் இதே சாலையில், நூற்றுப்பன்னிரண்டாவது கல்லருகே, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒரு ஜீப்பில் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நாத்தனார் விடுவதில்லை. "எங்க அண்ணி பாலைவனத்தையே கடந்தவங்க. ஜீப்புல!" இந்தத் தடவை, சாலை முடியும் சோதனைச் சாவடி வரை சைக்கிளைத் தவிர எதிலும் ஏறுவதில்லை என்று கிளம்பியிருந்தாள். இன்னும் முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது.

"அண்ணே, பம்ப் இருக்கா?"

"எதுக்கும்மா, மணலுக்குக் காத்தடிக்கவா? பம்ப்பெல்லாம் இல்ல. ஏறுங்க ரெண்டு பேரும்."

கணவர் ஜீப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வேணா ஏறிக்கோங்க" என்றாள்.

"நல்லா இருக்கே! என் தங்கச்சி வாயில நானும் விழணுமா?"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களையெல்லாம் நிரப்பிக் கொடுத்தார். "சாயங்காலம் இதே வழியாத்தான் திரும்புவேன். இங்கயே இருந்தீங்கன்னா தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறேன்."

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் அவள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். ஊரில் அவளுக்குக் குஷன் கடை. கார் சீட்டும் சோபாவும் அடைத்து அடைத்துக் காய்த்துப்போன கை. ட்யூபை உருவிப் போட்டாள்.

"உங்க சட்டையெல்லாம் குடுங்க."

"நாலையுமா? போட்டோவுக்குக் கொண்டாந்ததும்மா. அந்த நீலம் நீ எடுத்துக் குடுத்தது!"

"நான் எடுத்தது, நானே வெட்டிக்கிறேன்."

சட்டைகளோடு தன் துப்பட்டா, இரண்டு துண்டு எல்லாவற்றையும் நாடாவாகக் கிழித்து, கயிறாகத் திரித்து, காற்றுக்குப் பதிலாக டயருக்குள் திணித்தாள். ஓரிடத்தில் கூடினால் மேடு, குறைந்தால் பள்ளம். சீட்டை அமுக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சாணுக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். இரண்டு இடம் சரியில்லை என்று பிரித்து மறுபடி அடைத்தாள். விரல் நுனிகள் சிவந்துபோயின.

அவளுடைய மூட்டைகள் முழுவதையும் அவர் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டார். "பதினோரு கிலோ" என்று முனகினார்.

சக்கரம் கடகடவென்று உருண்டது. பின்னால் யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல் ஒவ்வொரு மிதிக்கும் தொடை எரிந்தது. நூற்றுப்பன்னிரண்டாவது கல் வந்தபோது அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நூற்றிருபதில் துணி ஒரு பக்கம் ஒதுங்கியது. இறங்கி, பிரித்து, அடைத்து, மறுபடி ஏறினாள். நூற்றுமுப்பதில் இன்னொரு தடவை. "கொஞ்சம் நடக்கலாமா?" என்று அவர் கேட்டார். "நடந்தா இருட்டிடும்ங்க" என்று மிதித்தாள்.

ஐந்தே கால் மணிக்குச் சாவடி வந்தது. காவலாளி நோட்டை நீட்டினார். 'வந்த வாகனம்' என்ற கட்டத்துக்கு நேரே போன வருடம் இதே கையால்தான் 'ஜீப்' என்று எழுதியிருந்தாள்.

விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன. இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கட்டம் கொள்ளாமல் பெரிதாக எழுதினாள்: சைக்கிள்.

"பக்கத்துலயே நாலு சட்டைன்னும் எழுது" என்றார் கணவர், வியர்வையில் ஊறிய ஒரே பனியனோடு.

"மொதல்ல இதை போட்டோ எடுத்து உங்க தங்கச்சிக்கு அனுப்புங்க."